பதினாலில் நின்ற முள்

செத்துவிட்டது என்று மெக்கானிக் கைவிட்ட ஓர் இன்ஜினை, எங்கள் மலையில் ஒருத்தி வெறும் கோபத்தைக் கொண்டே எழுப்பி உட்கார வைத்தாள். ஸ்பானரைத் தொடவில்லை. ஒரு சொட்டு எண்ணெய் மாற்றவில்லை. அதோடு நின்றாளா? கோபத்தின் மிச்சத்தை வைத்து, மூன்றே வயதான, குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்த இன்னொரு வேனை ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சாகடித்தாள். இரண்டும் நான் நேரில் பார்த்தது. தபால் ஆபீசில் முப்பத்தாறு வருஷம் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவன் நான். தெருவில் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'பத்துக்கு நூறு'. பத்து நடந்தால் நூறு சொல்வேனாம். அபாண்டம். எண்பதுக்கு மேல் நான் போனதே இல்லை.

அவள் எனக்குப் பக்கத்து வீடு. முன்பக்கம் லாண்டரி, பின்பக்கம் குடித்தனம். நடுவில் ஒரு திரை. அதுவும் எப்போதும் ஈரம். எங்கள் ஊரில் மேகம் கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை. ஜன்னல் வழியாக நுழைந்து, அடுப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, உப்பு ஜாடியை நனைத்துவிட்டுத்தான் போகும். அப்படிப்பட்ட ஊரில் துணி உலர்த்திப் பிழைப்பதற்கு எவ்வளவு வைராக்கியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

விடியும்போதே பாய்லர் சீறும். ஆறரைக்கெல்லாம் வெளுத்து மடித்த விரிப்புகளை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். வழியில் மூன்று விடுதிகள், மலையடிவாரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. மத்தியானம் அழுக்கு மூட்டைகளோடு ஏறி வருவாள். நாற்பத்திரண்டு கொண்டை ஊசி வளைவு, பதினோரு வருஷம். ஆம்புலன்ஸ் ஓட்டிச் சேர்த்த காசில் அவளே வாங்கிய வேன். அதற்கு முன் அது ஒரு ரொட்டிக் கம்பெனியில் உழைத்தது. வெயில் அடிக்கிற அபூர்வ நாட்களில் வெள்ளைப் பெயிண்டுக்கு அடியிலிருந்து பழைய எழுத்துகள் எட்டிப் பார்க்கும். இன்ஜின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். குளிர்காலத்தில் அதன்மேல் உட்கார்ந்து போகும் சுகத்துக்காகவே நான் இல்லாத நோய்க்கெல்லாம் ஆஸ்பத்திரி போயிருக்கிறேன்.

ஊரில் எல்லோருக்கும் அவள் வேன்காரம்மா. கோபக்காரி. ஆனால் கோபம் ஏற ஏற அவளுக்கு மரியாதையும் ஏறும். 'ஐயா' வரைக்கும் வந்துவிட்டாள் என்றால் எதிராளி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவது நல்லது.

புருஷன் நேர்மாறு. இஸ்திரிப்பெட்டியைப் பிடித்தால் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் போட்ட மடிப்பில் தக்காளி நறுக்கலாம். பேச்சு மட்டும் ஒரு நாளைக்கு நான்கு வார்த்தை. அதில் இரண்டு 'ம்'.

அந்தப் புருஷனின் அண்ணன்தான் மெக்கானிக். கடலோரப் பட்டணத்தில் சொந்த ஒர்க்‌ஷாப், நான்கு வேன்கள். கடல்மட்டத்தில் பிறந்து, கடல்மட்டத்திலேயே தொழில் கற்றவர். வருஷத்துக்கு இரண்டு தடவை பஸ் ஏறி வந்து, தம்பி குடும்பத்தை ரிப்பேர் பார்த்துவிட்டுப் போவார். அந்தத் தடவை வரும்போது கையில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே கைக்கு அடக்கமாக ஒரு வட்ட டயல், சுருட்டிய ரப்பர் குழாய், மூன்று வாய் கொண்ட பித்தளை இணைப்பு ஒன்று.

"என்ன மாமா, கடிகாரமா?" என்றாள் வேன்காரம்மா. தூறலில் தார்ப்பாய்க்கு அடியில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வேக்கம் கேஜ். இன்ஜின் மூச்சை உள்ள இழுக்குது இல்ல, அந்த இழுப்பு எவ்ளோ பலமா இருக்குன்னு காட்டும். டாக்டர் நெஞ்சுல குழாய் வெச்சுப் பாக்குறாரே, அந்த மாதிரி."

"என் வண்டிக்கு என்ன நோய்?"

"பெட்ரோலைக் குடிக்குதாமே. தம்பி சொன்னான்."

அவள் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலுக்கு உள்ளே தம்பியானவர் ஒரு தலையணை உறையை உலகத்தின் கடைசித் தலையணை உறை போலத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு சொன்னாரா? எங்கிட்ட சோத்துக்கு உப்பு வேணும்னுகூடச் சொல்ல மாட்டாரே!"

"இங்க பாரும்மா. கீழ என் வண்டி லிட்டருக்குப் பதிமூணு குடுக்குது. இது எட்டு. நடுவுல அஞ்சு எங்க போச்சு? ஒண்ணு, இன்ஜின்ல போயிருக்கணும். இல்ல, உன் கால்ல போயிருக்கணும்."

"என் கால்லயா?"

"பொம்பளைங்களுக்கு ஆக்ஸிலேட்டர்ல கால் கொஞ்சம் கனம். தப்பா எடுத்துக்காத."

"எடுத்துக்கல மாமா. உங்க வண்டி அழுக்கு மூட்டையத் தூக்கிக்கிட்டு நாப்பத்திரெண்டு வளைவு ஏறுதா?"

"ஏறுனாலும் அது பாட்டுக்கு ஏறும். வண்டின்னா அது வண்டி."

சீட்டைத் தூக்கிக் கவிழ்த்தார். இன்ஜின் மூச்சிழுக்கும் இடத்திலிருந்து வந்த ஒரு ரப்பர் குழாயைப் பிளேடால் ஒரே அறுப்பு. நடுவில் பித்தளை இணைப்பைச் செருகி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு முறுக்கினார். மூன்றாவது வாயில் புதுக் குழாயை மாட்டி, ஸ்பீடோமீட்டர் கேபிள் போகிற சந்து வழியாக டாஷ்போர்டுக்குக் கொண்டுவந்தார். குறை சொல்லக் கூடாது, கை சுத்தமான கை. அவள் டீ எடுத்துவர உள்ளே போனாள். போய்த் திரும்புவதற்குள் டிரில் மெஷின் ஒரு தடவை அலறி ஓய்ந்தது.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், அவள் தினமும் டெலிவரிச் சீட்டைச் செருகி வைக்கிற இடத்தில், வட்டமாக ஓட்டை.

"ஓட்டை போட்டீங்களா?"

"பின்ன? கேஜை உன் காதுலயா மாட்டறது?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"தம்பிகிட்ட கேட்டேன்."

"வண்டி என் பேர்ல இருக்கு."

"எல்லாம் ஒரே வீடுதானம்மா."

"அப்படீங்களா? அப்ப நாளைக்கு உங்க வீட்டு வாசக் கதவுல நான் ஓட்டை போட்டுட்டு, எங்க வீட்டுக்காரரைக் கேட்டுக்கிட்டேன்னு சொல்லலாங்களா?"

'ங்க' வர ஆரம்பித்துவிட்டது. நான் வேலியோரம் நாற்காலியை இன்னும் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

இன்ஜினை ஓடவிட்டார். முள் துள்ளி எழுந்து, பதினாலில் போய் நின்றது. டயலில் பதினேழிலிருந்து இருபத்தொன்று வரை பச்சைப் பட்டை. அதற்குள் இருந்தால் ஆரோக்கியம். மெக்கானிக் முகம் சுருங்கியது. காற்று எங்கேயாவது கசிகிறதா என்று குழாயெல்லாம் தடவிப் பார்த்தார். டைமிங்கை அப்படித் திருப்பினார், இப்படித் திருப்பினார். கார்பரேட்டர் ஸ்க்ரூவைக் கெஞ்சினார். முள் பதினாலிலேயே நின்றது. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டே, ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வருகிற டாக்டர் குரலில் சொன்னார்:

"பிஸ்டன் ரிங்கெல்லாம் தேஞ்சு போச்சு. இழுக்க மூச்சில்ல. இது செத்த வண்டி. அடுத்த சனிக்கிழமை என் வண்டியில வர்றேன், கட்டி இழுத்துட்டுப் போயிடலாம். கதவு, கண்ணாடி கழட்டி விக்கலாம். ஆஸ்பத்திரி ரூட்டுக்கு என் வண்டி ஒண்ணை விடறேன், டிரைவரும் இருக்கான். நீ உள்ள மெஷினைப் பாத்துக்க. இந்தக் குளிர்ல எதுக்குக் கஷ்டப்படணும்?"

"என் ரூட்டை உங்களுக்கு யாரு குடுத்தா?"

"தம்பி சரின்னுட்டான்."

அவள் உள்ளே போனாள். ஜன்னல் திறந்திருந்ததால் நான் எதையும் ஒட்டுக் கேட்கவேண்டியிருக்கவில்லை.

"சரின்னீங்களா?"

இஸ்திரிப்பெட்டி புஸ்ஸென்றது.

"உங்களைத்தாங்க. சரின்னு சொன்னீங்களா?"

"அண்ணனுக்கு வண்டியப் பத்தித் தெரியும். அதான்…"

ஐந்து வார்த்தை. அன்றைய கணக்கில் ஒன்று அதிகம்.

"வண்டியப் பத்தித் தெரியும். ரோட்டைப் பத்தி? பனியில பக்கத்துல இருக்கறது பாறையா பள்ளமான்னு தெரியாம, மண் வாசனைய வெச்சு வளைவைக் கண்டுபிடிச்சு ஓட்டியிருக்கேன். மண் சரிஞ்ச அன்னிக்கு விரிப்பு மூட்டைய முதுகுல தூக்கிட்டு ரெண்டு வளைவு நடந்திருக்கேன். பதினோரு வருஷம். அந்த முள்ளு ஒரு மத்தியானம் ஓட்டியிருக்குமா? அது சொன்னா நீங்க கேப்பீங்க. நான் சொன்னா கேக்க உங்களுக்குக் காது கெடையாதுங்களா, ஐயா?"

ஐயா வந்துவிட்டது. மெக்கானிக் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கடைசி பஸ் பிடிக்க ஓடினார். அன்று சாயங்காலம் அவள் விரிப்பு உதறிய சத்தத்தில் எங்கள் தெருவில் ஏழு ஜன்னல்களுக்கு விரிசல். சரி, இரண்டு.

திங்கட்கிழமை எனக்குக் கண்ணில் ஏதோ பூச்சி பறந்தது. ஆஸ்பத்திரிக்கு வேனில் ஏறினேன். கேஜின்மேல் அவள் ஒரு கம்பளிக் காலுறையைக் கவிழ்த்து மாட்டியிருந்தாள்.

"அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு என்னால ஓட்ட முடியாது பெரியப்பா."

முதல் விடுதியில் அவள் இன்ஜினை ஓடவிட்டு மூட்டை இறக்கப் போனபோது, சும்மா இருக்க முடியாமல் காலுறையைத் தூக்கிப் பார்த்தேன். பதினைந்து. இரண்டாவது விடுதியில் பதினாறு. பாதி வழிப் பாலத்துக்குப் பக்கத்து மூன்றாவது விடுதியில், முள் பச்சையின் விளிம்பில் நின்றது.

"அம்மாடி, பதினேழு காட்டுது!"

"உங்க பத்துக்கு நூறெல்லாம் இன்னிக்கு வேணாம். நான் நல்ல மனநிலையில இல்ல."

"நீயே பாரும்மா."

பார்த்தாள். டயலை விரலால் சுண்டினாள். காலுறையைப் பிடுங்கிப் பின்னால் எறிந்துவிட்டு வண்டியை எடுத்தாள். அடிவாரத்தில் ஆஸ்பத்திரி முற்றம். நல்ல வெயில். முள் இருபதில், ஆணி அடித்த மாதிரி நின்றது.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அவள் இறங்கிப்போய் முன்சக்கரத்தை ஓர் உதை விட்டாள்.

"அவரு முன்னாடி மட்டும் செத்த மாதிரி நடிச்சியா? துரோகி!"

திரும்பும்போது கடையில் சோப்புப் பவுடர் பாக்கெட்டுகள் வாங்கினாள். பின்னால் அழுக்கு மூட்டை நிறைந்துவிட்டதால், பாக்கெட்டுகளில் ஆறு என் மடியில். வளைவு ஏற ஏற, நிறுத்துகிற இடத்திலெல்லாம் முள் ஒவ்வொன்றாக இறங்கியது. பதினெட்டு, பதினேழு, பதினாறு. அதே நேரம் என் மடியில் பாக்கெட்டுகள் உப்பத் தொடங்கின. முப்பதாவது வளைவில் ஆறும் எட்டு மாத வயிறு மாதிரி விம்மி நின்றன.

"இதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வெக்கலாமா? வெடிச்சா நான் வெளுத்துடுவேன்."

"அது எப்பவும் உப்பறதுதானே. மேல வர வரக் காத்து கம்மி, அதான் உள்ள இருக்கறது…"

பாதியில் நிறுத்தினாள். வார்த்தையையும் நிறுத்தினாள், வண்டியையும் நிறுத்தினாள். பனிக்குள் இறங்கிப்போய், பாறைப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் மடியில் ஆறு கர்ப்பத்தோடு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது அவள் முகம் பாய்லர் கதவு மாதிரி சிவந்திருந்தது.

"பெரியப்பா, மேல உருளைக்கெழங்கு வேக ஒரு யுகம் ஆகுது. தண்ணி என்னமோ சீக்கிரமே கொதிக்குது, ஆனா கறை போக மாட்டேங்குது. பாக்கெட்டு உப்புது. இத்தனையும் காத்து கம்மியானதாலன்னு நம்ம ஊர்ல பொறந்த கொழந்தைக்குக்கூடத் தெரியும். இன்ஜினும் அதே காத்தைத்தான் இழுக்குதுன்னு ஒருத்தருக்கும் தோணல."

"அட, ஆமாம்மா!"

"அந்தப் பச்சைப் பட்டை கடலோரத்துக்காரனுக்குப் போட்டது. அவருக்குத் தெரியலன்னா போகட்டும். அவரு சொன்னதை ஒண்ணரை நாள் நான் நம்பினேன் பாருங்க! நேத்து முழுக்க இந்த வண்டியத் திரும்பிக்கூடப் பாக்கல. அதான் எனக்கு எரியுது."

வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். அவர் சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. "வண்டி கீழ எறங்குனா நல்லாயிடுது, மேல வந்தா செத்துடுதா? பேய் புடிச்ச வண்டியா? யாரு பாத்தா?"

"பெரியப்பா பாத்தாரு. பேசுங்க."

இங்கேதான் நான் ஒரு சின்னத் தவறு செய்தேன். அவளுக்குப் பலம் சேர்க்கலாம் என்ற நல்லெண்ணம்தான். போனை வாங்கி, "இருபதா? முப்பது காட்டிச்சு! கண்ணாடியே அதிர்ந்துபோச்சு!" என்றேன்.

"முப்பதா?" அந்தப் பக்கம் மெக்கானிக் இருமி இருமிச் சிரித்தார். "அந்த டயலே முப்பதோட முடியுது. உலகத்துல எந்த இன்ஜினும் முப்பது இழுக்காது. போனை வெச்சுட்டுப் போய் மாத்திரை சாப்பிடுங்க. சனிக்கிழமை கயிறோட வர்றேன்னு அவகிட்ட சொல்லிடுங்க."

அவள் போனைப் பிடுங்கி வைத்தாள்.

"கையில ஒரே ஒரு உண்மை இருந்துச்சு. அதையும் ஊதி ஒடைச்சுட்டீங்க. ரொம்ப நன்றிங்க, ஐயா."

முப்பத்தாறு வருஷ சர்வீஸில் எந்த அதிகாரியும் என்னை அப்படி ஐயா என்று சொன்னதில்லை. அந்த வாரம் முழுக்க வேலிக்கு மேல் டீ வரவில்லை.

சனிக்கிழமை. பத்தரை மணிக்கு மெக்கானிக்கின் புது வேன் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. கயிறு, கொக்கி எல்லாம் தயார். இறங்கியவர் பார்த்தது, வாசலில் நின்ற அவளை. ஒரு கையில் அவளே கழற்றி எடுத்த கேஜ், குழாய் வால் மாதிரி தொங்குகிறது. (ஸ்க்ரூடிரைவர் ஸ்பானர் கணக்கில் வராது.) மறுகையை அவருடைய ஜன்னலுக்குள் விட்டுச் சாவியை உருவினாள்.

"ஏய், என்ன பண்ற?"

"இதை உங்க வண்டியில மாட்டுங்க மாமா."

"என் வண்டிக்கு என்ன? மூணு வருஷந்தான் ஆகுது."

"அதான் கேக்கறேன். மூணு வயசு இளந்தாரி எவ்ளோ மூச்சு இழுக்கறான்னு பாக்கலாங்க."

"வெளையாடாத. சாவியக் குடு."

"பெட்ரோல் முள்ளு எங்க இருக்கு பாருங்க. கீழ ரொப்பிக்கிட்டு வந்திருப்பீங்க. வெறும் வண்டி, மூட்டை இல்ல, பொம்பளக் கால் இல்ல. அப்புறம் யாரு குடிச்சா?"

மெக்கானிக் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக் கத்தினார். "டேய் தம்பி! உன் பொண்டாட்டியக் கொஞ்சம் சொல்லி வை!"

தம்பி வெளியே வந்தார். கையில் தண்ணீர் தெளிக்கிற புட்டி. இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் பொண்டாட்டி. அந்த மனுஷர் நின்ற நிலையைப் பார்த்து எனக்கே வியர்த்தது, அவ்வளவு குளிரில்.

"நீங்க இங்க வாங்க," என்றாள். "நான் படிச்சா பொய். பெரியப்பா படிச்சா முப்பது. உங்க அண்ணன் படிச்சா சாவு. மிச்சம் இருக்கறது நீங்கதான். முள்ளு எங்க நிக்குதோ அதை வாயத் தொறந்து படிங்க. வேற ஒண்ணும் நீங்க எனக்குச் செய்ய வேணாம்."

அவர் புட்டியைப் படியில் வைத்தார். "மாட்டுங்கண்ணா," என்றார்.

மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டே பானெட்டைத் திறந்து குழாயைச் சேர்த்தார். அவள் உள்ளே போய் டிரில் மெஷினோடு வந்து அவருடைய புது டாஷ்போர்டுக்கு நேரே பிடித்தாள்.

"ஓட்டை எங்க போடட்டுங்க?"

"ஐயோ! வேணாம்மா! டயலைக் கையில புடிச்சுக்கிட்டாப் போதும்!"

"ஓ." டிரில்லை மெதுவாகக் கீழே இறக்கினாள். "கையிலயும் புடிச்சுக்கலாங்களா?"

மெக்கானிக் சாவியை வாங்கி இன்ஜினை ஓடவிட்டார். தம்பி டயலை இரண்டு கையாலும் ஏந்தி, குனிந்து, நெடுநேரம் பார்த்தார்.

"பதினாலு."

"சரியாப் பாருடா."

"பதினாலுதாண்ணா. உங்க வண்டியும் செத்துடுச்சு."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மலையில் ஒரு மண்சரிவு. அதை விடுங்கள். மெக்கானிக் குழாயை உருவி மாட்டினார், கிளிப்பை இறுக்கினார், ஆக்ஸிலேட்டரை மிதித்து விட்டார். முள் ஆடிவிட்டுப் பதினாலுக்கே வந்தது.

"கேஜைக் கெடுத்து வெச்சிருக்க!"

"அதே கேஜ்தாங்க. அதை நம்பித்தான் என் வண்டிக்குக் கயிறு கொண்டுவந்தீங்க. இப்ப கெட்டுப்போச்சுங்களா? ஏறுங்க. கீழ போலாம். ஆஸ்பத்திரி மூட்டைய இதுலயே ஏத்திக்கறேன். நீங்களே ஓட்டுங்க, என் கால் கனம்."

நாலு பேரும் ஏறினோம். அவளும் நானும் பின்னால் விரிப்பு மூட்டைகள்மேல். முன்னால் தம்பி, மடியில் டயல். முதல் விடுதி வாசலில் நிறுத்தச் சொன்னாள். "படிங்க." தம்பி, "பதினஞ்சு," என்றார், தொண்டைக்குள். இரண்டாவதில் "பதினாறு." அது பின்னால் மூட்டைகள் வரை கேட்டது. பாலத்துக்கிட்டே யாரும் சொல்லாமலே, பஸ் கண்டக்டர் மாதிரி, "பதினேழு!" மனுஷனுக்கு இப்படி ஒரு குரல் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மெக்கானிக்கின் கழுத்து ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் அங்குலம் சட்டைக்குள் இறங்கியது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. வழி முழுக்க, மடித்த விரிப்பின் ஓரத்தைக் கையில் முறுக்கிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரி முற்றத்தில் வெயில் காய்ந்தது. வண்டி நின்றது. இன்ஜின் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

"இருபது," என்றார் தம்பி.

மெக்கானிக் டயலைத் தன் கையில் வாங்கினார். சாய்த்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார்.

"சரி விடும்மா. மூட்டைய எறக்கு, போலாம்."

"விட மாட்டேன்." அவள் இறங்கி அவர் ஜன்னலுக்கு நேரே வந்து நின்றாள். "என் வண்டியச் செத்துப்போச்சுன்னு தெருவே கேக்கறாப்பல சொன்னீங்க. இவரு தலைய ஆட்டுனாரு. பதினோரு வருஷத்தை ஒரு மத்தியானத்துல கழட்டி விக்கப் பாத்தீங்க. எனக்கு மன்னிப்பெல்லாம் வேணாங்க. என்ன நடந்துச்சோ அதைச் சொல்லுங்க. சொல்லிட்டு எறங்குங்க."

தம்பி அண்ணனைப் பார்த்தார். "சொல்லுங்கண்ணா."

மெக்கானிக் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார்.

"மேல பதினாலு. கீழ இருபது," என்றார். "அதே வண்டி, அதே கேஜ். நடுவுல யாரும் எதையும் தொடல, நாந்தான் ஓட்டிக்கிட்டு வந்தேன். உன் வண்டிக்கு ஒண்ணும் இல்ல. ரூட்டு உன்னுது. நான் தப்பாச் சொல்லிட்டேன்." கதவைத் திறந்தார். "நடந்துச்சும்மா. நீ சொன்னது சொன்னபடியே நடந்துச்சு."